துணிக்கும் கணனிக்கும் நடுவே ஒரு சுங்கக் கோடு

சில கிழமைகளுக்கு முன்னர் எமக்கு நன்கு அறிமுகமான வர்த்தகர் ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கடித உறை. அதனுள்ளே சுங்கப் பகுதியினர் அனுப்பிய அறிவித்தல் ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் மூன்று தடவைகளாகச் சீனாவிலிருந்து தருவித்த பொருட்களுக்குச் செலுத்தப்படாத தீர்வையை இப்போது செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பொருட்களோ மிகச் சாதாரணமானவை. கணனித் திரைக்கும் விசைப்பலகைக்கும் போடும் துணி உறைகள், எழுதுமேசையின் ஓரத்தில் தொங்கவிடும் துணிப் பைத்தட்டுகள், மவுஸ் வைக்கும் துணிமுகப் பலகைகள். அவற்றைச் சுங்க முகவர் 'கணனித் துணைப்பொருட்கள்' என்று எழுதி, தீர்வை இல்லாத வகையில் இறக்கிக் கொடுத்திருந்தார்.

"இவை கணனிக்கு இல்லாவிட்டால் வேறு எதற்கு? இதை வாங்கிக்கொண்டு போய் எவராவது அடுப்பு துடைப்பார்களா?" என்று நண்பர் எம்மிடம் கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், சுங்கச் சட்டத்தின் நியாயம் வேறு வழியாக நடக்கின்றது. அந்த வழியை எமது வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுவதாலேயே இதனை எழுதுகின்றோம்.

பாரிஸ் லாசப்பலில் ஒரு சிறு கடையுடன் தொடங்கியவர்கள், இன்று மொத்த விற்பனையாளரிடம் வாங்கி விற்பதை விட்டு நேரடியாகவே வெளிநாட்டிலிருந்து பொருட்களைத் தருவிக்கும் நிலைக்கு வந்துள்ளார்கள். அரிசியும் மிளகாய்த் தூளும் மட்டுமல்ல, துணியும் பாத்திரமும் மின்பொருட்களும் எமது மக்களின் கைகளூடாகத் துறைமுகங்களைக் கடக்கின்றன. இது பெருமைக்குரிய வளர்ச்சியே. ஆனால், கொள்கலனைத் தருவிக்கப் பழகிய வேகத்தில், அந்தக் கொள்கலனைப் பற்றிய பத்திரத்தை வாசிக்க நாம் பழகவில்லை.

எண்ணே பொருளின் பெயர்

உலகின் 200க்கும் மேற்பட்ட நாடுகளும் சுங்கப் பிரதேசங்களும் பின்பற்றுகின்ற ஒரு பொதுவான வகைப்படுத்தல் முறை உண்டு. பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்சில் இயங்கும் உலக சுங்க அமைப்பு அதனைப் பேணி வருகின்றது. 1988ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இம்முறையில், உலகில் வாங்கி விற்கப்படும் பொருட்கள் யாவும் 21 பிரிவுகளாகவும் அவற்றின் கீழ் அத்தியாயங்களாகவும் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் நான்கு இலக்கத் தலைப்புகள். அவற்றின் கீழ் ஆறு இலக்க உபதலைப்புகள். ஐரோப்பிய ஒன்றியம் அதனுடன் மேலும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்து எட்டு இலக்கமாகப் பயன்படுத்துகின்றது. சுங்கத்தின் பார்வையில் ஒரு பொருளின் உண்மையான பெயர் இந்த எண்தான். வியாபாரி பெட்டியின் மேல் அச்சடித்த பெயரோ, கடைக்காரர் சொல்லும் பெயரோ அல்ல.

இந்த எண்ணைத் தெரிவு செய்வதற்கு ஆறு பொது விதிகள் உள்ளன. முதலாவது விதியே மிக முக்கியமானது. பிரிவுகளுக்கும் அத்தியாயங்களுக்கும் கொடுக்கப்பட்ட பெயர்கள் தேடுவதற்கு வசதியாக மட்டுமே உள்ளன. வகைப்படுத்தலைத் தீர்மானிப்பது தலைப்பில் எழுதப்பட்ட சொற்களும் அவற்றுக்குரிய குறிப்புகளுமே என்கின்றது அது. அதாவது, சட்டம் சொல்லைப் பார்க்கின்றது. சொல்லை வாசிக்காமல் பொருளைப் பார்த்து ஊகிப்பவன் பிழை விடுகின்றான்.

இனி எமது நண்பரின் பொருட்களுக்கு வருவோம். கணனி 8471 என்ற தலைப்பின் கீழ் வருகின்றது. கணனியின் பாகங்களும் துணைப்பொருட்களும் 8473 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. முகவர் எழுதியது இந்த இரண்டாவது எண்ணையே. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குரிய தீர்வை பூச்சியம். ஆனால், அந்தத் தலைப்பை முழுமையாக வாசித்தால் அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கு இருப்பதைக் காணலாம். உறைகள், காவும் பெட்டிகள் மற்றும் அவை போன்றவை நீங்கலாக, என்பதே அந்த விலக்கு. கணனிக்கென்றே அளவெடுத்துத் தைத்த உறையாக இருந்தாலும் அது இந்தத் தலைப்புக்குள் நுழைய முடியாது. வாசலிலேயே நிறுத்தப்பட்டு விடுகின்றது.

இந்த விலக்கு கணனிக்காக எழுதப்பட்டதும் அல்ல. தட்டச்சுப் பொறிகளுக்கெனத் தனியாக 8469 என்றொரு தலைப்பு முன்னர் இருந்தது. தட்டச்சுப் பொறியின் உறையும் இவ்வாறே வெளியே நிறுத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தட்டச்சுப் பொறியின் தலைப்பே நீக்கப்பட்டு விட்டது. பொறி போய்விட்டது, உறையைப் பற்றிய விலக்கு மட்டும் இன்றும் நிற்கின்றது.

அப்படியானால் துணி உறை எங்கே போகும்? துணிகளுக்குரிய பிரிவில் 63ஆம் அத்தியாயம், 6307 என்ற தலைப்பு. வேறெங்கும் குறிப்பிடப்படாத, தைத்து முடிக்கப்பட்ட துணிப்பொருட்கள் யாவற்றுக்கும் அதுவே புகலிடம். உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் மோட்டார் வண்டிகளுக்கும் இயந்திரங்களுக்கும் போடும் தளர்ந்த உறைகளை இத்தலைப்பின் உதாரணங்களாகவே தருகின்றன. மேசையோரம் தொங்கும் துணிப் பைத்தட்டுக்கும் இதுவே இடம். பேனையையும் கடதாசியையும் வைப்பதற்கான அந்தத் தட்டுக்கும் கணனியின் இயக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கணனி மேசையில் இருப்பது வேறு, கணனிக்கு உதவுவது வேறு.

இத்தலைப்பின் கீழ் ஐரோப்பிய ஒன்றியம் அறவிடும் தீர்வை நெசவுத் துணியில் ஆன பொருட்களுக்கு 6.3 வீதம், பின்னல் துணியில் ஆனவற்றுக்கு 12 வீதம். துணி தறியில் நெய்யப்பட்டதா, பின்னல் இயந்திரத்தில் இழையப்பட்டதா என்ற ஒரே வேறுபாடு தீர்வையை ஏறத்தாழ இருமடங்காக்குகின்றது. எமது வர்த்தகர்களில் எத்தனை பேர் பொருளைக் கட்டளையிடும்போது உற்பத்தியாளரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்?

மவுஸ் பலகை எழுப்பும் வினா

உறையும் பைத்தட்டும் இலகுவானவை. மவுஸ் வைக்கும் பலகைதான் சிக்கலானது. நண்பரின் கேள்வி இதற்கே மிகவும் பொருந்தும். கணனி இல்லாத வீட்டில் அதற்கு வேலையே இல்லை. அப்படியிருக்க அது ஏன் கணனியின் துணைப்பொருள் ஆகாது?

துணைப்பொருள் என்ற சொல்லுக்குச் சுங்கச் சட்டம் தரும் பொருள் எமது பேச்சுவழக்கில் உள்ள பொருள் அல்ல. இயந்திரத்தை ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஏற்றதாக மாற்றுவது, அல்லது இயந்திரத்தின் பிரதான தொழிற்பாட்டோடு தொடர்புடைய குறிப்பிட்ட சேவை ஒன்றைச் செய்வது, அல்லது அதன் செயல் எல்லையை விரிவாக்குவது - இந்த மூன்றில் ஒன்றையாவது செய்யும் உபகரணமே துணைப்பொருள். இயந்திரத்தோடு சேர்த்துப் பயன்படுத்தப்படுவது மட்டும் போதாது.

ஐரோப்பிய நீதிமன்றம் இதனை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கின்றது என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைக் காட்டலாம். அச்சுப்பொறிக்குரிய மைக்கூடு பற்றி யேர்மனியில் எழுந்த வழக்கில் 2002ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கப்பட்டது. அந்த மைக்கூடு குறிப்பிட்ட ஒரு வகை அச்சுப்பொறிக்கு மட்டுமே பொருந்துவது. அது இல்லாமல் பொறி அச்சடிக்காது. ஆயினும், அச்சுமுனை பொருத்தப்படாத அந்தக் கூடு மையாகவே வகைப்படுத்தப்பட வேண்டும், பொறியின் பாகமாக அல்ல என்றது நீதிமன்றம். 2011ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து வந்த வழக்கில், சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு மட்டுமே பயன்படும் வடிகால் பையும் மருத்துவக் கருவியின் பாகமாகவோ துணைப்பொருளாகவோ ஏற்கப்படாமல், பிளாஸ்ரிக் பொருளாகவே தீர்க்கப்பட்டது. நோயாளியின் உயிர் காக்கும் இயந்திரத்தில் தொங்கும் பைக்கே இந்த நிலை என்றால், மவுசின் கீழ்க் கிடக்கும் பலகைக்குச் சலுகை கிடைக்கும் என்று எண்ணியிருப்பது பேதைமை.

ஆகவே அந்தப் பலகை எதனால் ஆனது என்ற கேள்வியே மிஞ்சுகின்றது. கீழே றப்பர், மேலே பொலியெஸ்ரர் துணி. இரண்டும் சேர்ந்த பொருளுக்கு மூன்றாவது விதி வழி சொல்கின்றது. பொருளுக்கு அதன் சாரத்தைக் கொடுப்பது எதுவோ அதன்படி வகைப்படுத்த வேண்டும். அதுவும் தெளிவாகாவிடின், பொருந்தக்கூடிய தலைப்புகளில் எண்வரிசையில் கடைசியாக வருவதை எடுக்க வேண்டும். துணி வெறுமனே றப்பருக்கு வலுச் சேர்ப்பதற்காக ஒட்டப்பட்டதா, அல்லது பயன்படும் பரப்பே துணிதானா? மேசையில் வழுக்காமல் பிடிப்பது றப்பர். மவுஸ் ஓடுவது துணியின் மேல். இரு பக்கமும் வாதாட இடமுண்டு. றப்பர்ப் பொருள் என்று கொண்டால் தீர்வை 2.5 வீதம். நெசவுத் துணிப்பொருள் என்றால் 6.3. பின்னல் துணிப்பொருள் என்றால் 12. முகவர் எழுதியதோ பூச்சியம். உள்ளங்கை அகலமுள்ள ஒரு பலகைக்கு நான்கு விலைகள்!

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், சுங்க வரலாறு இத்தகைய வழக்குகளால் நிறைந்தது. தக்காளி பழமா, மரக்கறியா என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1893ஆம் ஆண்டு விடை சொல்ல வேண்டியிருந்தது. அக்காலத்துச் சட்டத்தின்படி மரக்கறிக்குத் தீர்வை உண்டு, பழத்துக்கு இல்லை. தாவரவியல் எதைச் சொன்னாலும், மக்கள் உணவோடு உண்பதால் அது மரக்கறியே என்று நீதிமன்றம் தீர்த்தது. 2017ஆம் ஆண்டில், கைகள் வைத்துத் தைத்த போர்வை ஒன்று உடுப்பா போர்வையா என்று அதே நாட்டின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் ஆராய்ந்தது. உடுப்பென்றால் 14.9 வீதம், போர்வையென்றால் 8.5 வீதம். போர்வை என்றே தீர்ப்பாயிற்று. அங்கே வழக்காடுவதற்கு நிறுவனங்களிடம் பணமும் சட்டத்தரணிகளும் இருந்தனர். எமது சிறு வர்த்தகனிடம் இருப்பது ஒரு முகவரின் தொலைபேசி இலக்கம் மட்டுமே.

பாரம் யார் தலையில்?

நண்பரின் கணக்கைப் பார்ப்போம். மூன்று தடவைகளிலும் வந்த உறைகள், பைத்தட்டுகளின் பெறுமதி 18,000 யூரோ. 6.3 வீதப்படி தீர்வை 1,134 யூரோ. மவுஸ் பலகைகளின் பெறுமதி 6,000 யூரோ. அதற்கு 150 யூரோவும் வரலாம், 378 யூரோவும் வரலாம், 720 யூரோவும் வரலாம். மொத்தத்தில் 1,284 முதல் 1,854 வரை. அதற்கு மேல் வட்டி, தண்டமும் வரக்கூடும். பெரும் நிறுவனத்துக்கு இது ஒரு நாள் தேநீர்ச் செலவு. கடையின் பின்னறையில் மனைவியும் பிள்ளைகளும் பெட்டி பிரித்துக் கொடுக்க வியாபாரம் செய்பவருக்கு இது ஒரு மாத வருமானம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெறுமதி சேர் வரியைப் பதிவு செய்த வர்த்தகர் பின்னர் கழித்துக்கொள்ளலாம். சுங்கத் தீர்வையை அவ்வாறு கழிக்க முடியாது. அது பொருளின் விலையோடு சேர வேண்டிய செலவு. பொருளோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே விற்றுத் தீர்ந்துவிட்டது. வாங்கியவர்களைத் தேடிப் போய் மேலதிகமாகக் கேட்க முடியுமா? குறைந்த இலாபத்துக்கு விற்ற பொருளுக்கு இப்போது கையிலிருந்து கட்ட வேண்டும்.

முகவர்தானே எழுதினார், அவர் கட்டட்டும் என்பது பலரது எண்ணம். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. இறக்குமதியாளரின் பெயரில் அவருக்காக முகவர் பத்திரம் கொடுக்கும்போது, கடனாளி இறக்குமதியாளரே. முகவர் தன் பெயரில், இறக்குமதியாளருக்காகக் கொடுத்தால் இருவரும் சேர்ந்து பொறுப்பு. எவ்வகையிலும் இறக்குமதியாளர் தப்ப முடியாது. பொருள் துறைமுகத்தை விட்டு வெளியேறி விட்டது என்பதால் விடயம் முடிந்துவிட்டது என்றும் எண்ணக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கச் சட்டக்கோவையின்படி கடன் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை அதனைக் கேட்கலாம். குற்றச் செயலால் எழுந்த கடன் என்றால் அந்தக் காலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை நீளும்.

"எல்லோரும் அப்படித்தான் எழுதுகின்றார்கள், ஒருவரும் பிடிபடவில்லை" என்று சொல்வோரும் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அறியாமல் எழுதியது பிழை. அறிந்த பின்னும் எழுதுவது பொய். பிழையைத் திருத்த வழியுண்டு. பொய்க்குத் தண்டனை உண்டு. வதிவிட உரிமையையும் குடியுரிமையையும் எதிர்பார்த்து நிற்கும் ஒரு சமூகத்தில், சில நூறு யூரோக்களுக்காகத் தன் பெயரின் மேல் ஒரு கறையை ஏற்றுக்கொள்வது புத்தியுள்ள வர்த்தகம் ஆகாது. அந்தக் கறை ஒருவரோடு நிற்பதும் இல்லை. அடுத்து வரும் தமிழ் வர்த்தகரின் கொள்கலனும் அதே கண்ணால் பார்க்கப்படும்.

துணிக்கு ஏன் இந்தத் தண்டனை?

எமது வர்த்தகர்களைக் கண்டித்ததோடு எமது கடமை முடியவில்லை. சட்டத்தையும் கேட்க வேண்டியிருக்கின்றது. கணனிக்குப் பூச்சியம், அதன் மேல் போடும் துணிக்கு 12 வீதம் வரை என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

1996ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் தகவல் தொழில்நுட்பப் பொருட்கள் பற்றிய உடன்பாடு எட்டப்பட்டது. 29 தரப்பினர் தொடக்கத்தில் அதில் இணைந்தனர். கணனிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் தீர்வையைப் படிப்படியாக நீக்குவதே நோக்கம். 2015ஆம் ஆண்டில் நைரோபியில் மேலும் 201 பொருட்களுக்கு அது விரிவாக்கப்பட்டது. கணனியையும் அதன் நுண்பாகங்களையும் உற்பத்தி செய்த செல்வந்த நாடுகளுக்கு எல்லைகள் திறந்து கிடப்பது இலாபம். ஆகவே திறந்தார்கள்.

துணியின் கதை வேறு. 1974ஆம் ஆண்டு முதல் பல்நார் உடன்படிக்கை என்ற பெயரில் வறிய நாடுகளின் துணிக்கும் உடுப்புக்கும் அளவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு 1995 முதல் சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டு, 2005ஆம் ஆண்டு பிறந்தபோதே முற்றாக நீங்கியது. அளவுக் கட்டுப்பாடு போனது, தீர்வை நின்றது. மிக வறிய நாடுகளுக்கு 2001ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் தீர்வையற்ற வழியைத் திறந்துள்ளது என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும், பொது விதி இன்னமும் அதுதான். தொழிற்சாலையில் சில்லு செய்யும் கைக்கு ஒரு நீதி. தறியிலும் தையல் இயந்திரத்திலும் உழைக்கும் கைக்கு வேறொரு நீதி.

தீர்வைப் பட்டியல் அரசியலும் ஆகும் என்பதை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வழங்கிய ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை, மனித உரிமைகள் தொடர்பான மூன்று ஐ.நா. உடன்படிக்கைகள் சரிவர நடைமுறைப்படுத்தப்படவில்லை என்ற காரணத்தால் 2010ஆம் ஆண்டு ஓகஸ்டில் நிறுத்தப்பட்டதையும், 2017ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் வழங்கப்பட்டதையும் நாம் அறிவோம். அச்சலுகை வேண்டுமா, கூடாதா என்று எமது கூட்டங்களில் நீண்ட நேரம் விவாதித்தோம். ஆனால், அச்சலுகையும் ஒரு எண்ணிலிருந்தே தொடங்குகின்றது என்பதை விவாதித்தவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதியே தலைப்புக்குத் தலைப்பு வேறுபடுகின்றது. எண் பிழைத்தால் நாடும் பிழைக்கும், சலுகையும் போகும். நண்பரின் பொருட்கள் வந்த சீனாவோ 2015ஆம் ஆண்டு முதல் பொதுச் சலுகைப் பட்டியலில் இல்லை. எனவே அவற்றுக்கு முழுத் தீர்வையே.

ஐரோப்பாவிலேயே இந்த ஏற்பாடு மாற்ற முடியாத ஒன்றல்ல என்பதற்கு அயலிலேயே சாட்சி உண்டு. சுவிற்சர்லாந்து 2024ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியிலிருந்து கைத்தொழிற் பொருட்கள் யாவற்றுக்குமான இறக்குமதித் தீர்வையை நீக்கிவிட்டது. துணி உறைக்கும் அங்கே தீர்வை இல்லை. ஆனால், சூரிச்சிலும் பாசலிலும் உள்ள எமது வர்த்தகர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. எண்ணை எழுதும் கடமை அங்கும் நீங்கவில்லை. சீனப் பொருளை அங்கே தீர்வையின்றி இறக்கி, எல்லை தாண்டி யேர்மனிக்குக் கொண்டு செல்லும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வை அந்த எல்லையில் காத்திருக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கேட்டுவிட்டுத் தருவிக்கப் பழக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த இறக்குமதியாளரும் தனது பொருளைப் பற்றி முன்கூட்டியே எழுத்து மூலமான கட்டுறுத்தும் தீர்மானத்தைச் சுங்கத்திடம் கேட்டுப் பெறலாம். பொதுவாக இதற்குக் கட்டணம் இல்லை. ஆய்வுகூடப் பரிசோதனை தேவைப்பட்டால் மட்டும் அச்செலவைக் கேட்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதிலிருந்து 120 நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது பொது விதி. கிடைத்த தீர்மானம் மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றிய நாடுகள் அனைத்திலும் செல்லும். சுங்கத்தை மட்டுமல்ல, கேட்டவரையும் அது கட்டுப்படுத்தும் என்பதால், விரும்பாத விடை வந்தால் ஒளித்து வைக்க முடியாது. இலண்டனில் உள்ளோர் கவனிக்க: 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஒன்றியத்தின் தீர்மானங்கள் பெரிய பிரித்தானியாவில் செல்லுபடியாகா. அங்கே அந்நாட்டின் சுங்கத்திடமே தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, உற்பத்தியாளரிடமிருந்து பொருளின் விபரத்தை எழுத்தில் பெற வேண்டும். துணியா, றப்பரா, பிளாஸ்ரிக்கா? எது எத்தனை வீதம்? நெசவா, பின்னலா? துணியின் தடிப்பு என்ன, றப்பரின் தடிப்பு என்ன? பற்றுச்சீட்டில் 'கணனித் துணைப்பொருள்' என்று ஒற்றை வரியில் எழுதுவதை ஏற்கக்கூடாது. ஒரு மாதிரியைக் கடையில் எடுத்து வைத்திருக்க வேண்டும். எமது நண்பரிடம் ஒரு மவுஸ் பலகை கூட மீதம் இருக்கவில்லை. எதைக் காட்டி வாதாடுவது? இறுதியில், மகளின் மேசையில் கிடந்த பழைய பலகை ஒன்றே சாட்சியாயிற்று.

மூன்றாவது, பிழையைத் தானே கண்டுபிடித்தவர் காத்திருக்காமல் தானே சென்று திருத்த வேண்டும். கூடுதலாகக் கட்டியவருக்கும் உரிமை உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டால் மேலதிகமாகச் செலுத்தியதைத் திரும்பப் பெற வழியுண்டு. றப்பருக்கு 2.5 கட்ட வேண்டியவர் துணிக்கு 12 கட்டியிருந்தால் அது அவருடைய பணம். கேட்பதில் வெட்கம் இல்லை.

நான்காவது, எமது வர்த்தகச் சங்கங்கள். ஆண்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி, சுங்கச் சட்டம் அறிந்த ஒருவரைக் கொண்டு மாதத்தில் ஒரு நாளாவது தமிழில் ஆலோசனை வழங்கக்கூடாதா? பல்கலைக்கழகங்களில் சட்டமும் வணிகமும் கற்று வெளியேறும் எமது இளைய தலைமுறைக்கு இது பொருத்தமான பணி. தந்தையார் கையொப்பமிடும் பத்திரத்தைப் பிள்ளை ஒரு தடவை வாசித்தாலே பாதிப் பிழை குறையும்.

ஐந்தாவது, அரசுகளுக்கு நாம் சொல்ல வேண்டியது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்கின்றீர்கள். ஆனால், அதனைப் படித்து விளங்கிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் ஒன்றல்ல. சிறு வர்த்தகருக்கு விளங்கும் எளிய மொழியில் வழிகாட்டிகளை வெளியிடுங்கள். நேர்மையாகப் பிழை விட்டவரையும் திட்டமிட்டு ஏமாற்றியவரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். துணியின் மேலுள்ள தீர்வைச் சுவரைப் பற்றி மீண்டும் சிந்தியுங்கள். இவற்றைக் கேட்கும் உரிமை வரி செலுத்தும் எமக்கு உண்டு. அந்த உரிமையின் பலம், நாம் செலுத்த வேண்டியதைச் செலுத்துவதிலேயே தங்கியிருக்கின்றது. பொய்ப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீதி கேட்க முடியாது.

நண்பர் உறைகளுக்கும் பைத்தட்டுகளுக்கும் உரிய தீர்வையைச் செலுத்தச் சம்மதித்துவிட்டார். மவுஸ் பலகைகளைப் பற்றி மட்டும், றப்பரே அவற்றின் சாரம் என்று காரணங் காட்டி எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துள்ளார். அந்த வாதம் வெல்லலாம், தோற்கலாம். ஆனால், முதன்முறையாக அவர் தனது பத்திரத்தைத் தானே வாசித்து, தனது பொருளுக்காகத் தானே பேசியிருக்கின்றார். புதிய கட்டளை ஒன்றை அனுப்புவதற்கு முன்னர், கட்டுறுத்தும் தீர்மானத்துக்கான விண்ணப்பத்தையும் நிரப்பத் தொடங்கியுள்ளார். எமது வர்த்தகர்கள் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது இதுவே. கடிதம் வரும்வரை காத்திராமல், கொள்கலன் புறப்படும் முன்னரே செய்ய வேண்டும்.